ஆங்கில வாக்கியத்தில் வினைச்சொல் எங்கே?

"ஆங்கிலம் சரியா வரல" என்று ஒரு மாணவன் சொன்னால் போதும், நாலாபக்கமிருந்தும் ஆலோசனை கொட்டும். தினமும் பத்துப் புது வார்த்தை படி. ஆங்கிலப் பேப்பர் வாசி. ஆங்கிலப் படத்தை சப்டைட்டிலோடு பார். கண்ணாடி முன்னால் நின்று பேசு. எல்லாமே நல்ல ஆலோசனைதான், யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் இவற்றில் ஒன்றுகூட வாக்கியத்தைப் பற்றிப் பேசுவதில்லை என்பதைக் கவனித்திருக்கிறீர்களா?

தமிழ்வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டு பி.காம். சேரும் ஒரு பையனின் கம்பெனி லா புத்தகத்தைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வார்த்தைக்கும் மேலே பென்சிலால் பொடி எழுத்தில் தமிழ் அர்த்தம் எழுதியிருக்கும். அகராதியைப் புரட்டிப் புரட்டி ராத்திரி பதினொரு மணி வரை உட்கார்ந்து எழுதியது. எல்லா வார்த்தைக்கும் அர்த்தம் தெரிந்துவிட்டது. வாக்கியத்துக்கு மட்டும் தெரியவில்லை! பிறகென்ன, பத்தியை அப்படியே உருப்போட்டு பேப்பரில் கொட்டிவிட்டு வருவான். மார்க் வரும், சில சமயம் அரியரும் வரும். அந்தப் பிரிவு என்ன சொல்கிறது என்று மூன்று வருடம் கழித்து இன்டர்வியூவில் கேட்டால் திருதிரு என்று முழிப்பான். சோம்பேறி, மக்கு என்று பெயர் வாங்குவான். உழைப்பில் குறையே வைக்காதவனுக்குக் கிடைக்கிற பட்டம் இது.

சின்ன உதாரணம் ஒன்று. இந்த வாக்கியத்தைப் பாருங்கள்.

'தி அமௌன்ட் பெய்ட் டு தி சப்ளையர்ஸ் லாஸ்ட் இயர் வாஸ் ராங்.'

இதில் தெரியாத வார்த்தை என்று ஒன்றுமே இல்லை. ஆனாலும் பலர் தடுக்கி விழுவார்கள். 'பெய்ட்' என்றதும் "கொடுத்தார்கள், ஓகே, வினைச்சொல் வந்துவிட்டது" என்று மனசு முடிவு கட்டிவிடுகிறது. போன வருடம் சப்ளையர்களுக்குத் தொகை கொடுத்தார்கள். சரி, கடைசியில் நிற்கும் 'வாஸ் ராங்' யாருக்குச் சொந்தம்? அது அனாதையாக நிற்கும். "ஏதோ தப்பு நடந்திருக்கு போல" என்று குத்துமதிப்பாக அடுத்த வரிக்குப் போய்விட வேண்டியதுதான்.

உண்மையில் அது சொல்வது, 'போன வருடம் சப்ளையர்களுக்குக் கொடுத்த தொகை தவறு' என்று. தமிழில் இதை வாசிக்கும்போது ஏன் குழப்பமே வரவில்லை? 'கொடுத்த' என்ற சொல்லின் வாலைப் பாருங்கள். 'கொடுத்தார்' என்றோ 'கொடுத்தது' என்றோ முடியவில்லை. அது பெயரெச்சம். "இன்னும் முடியவில்லை, பின்னால் ஒரு பெயர்ச்சொல் வருகிறது, காத்திரு" என்று அந்த அகர ஈறு சொல்லிவிடுகிறது. ஆங்கிலத்தில் 'கொடுத்தார்கள்' என்பதற்கும் 'கொடுக்கப்பட்ட' என்பதற்கும் 'பெய்ட்' என்று ஒரே முகம். எது எது என்று அது உட்கார்ந்திருக்கும் இடத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

ஆங்கில வாக்கிய அமைப்பின் மொத்தக் கதையும் இந்த 'இடம்' என்ற சங்கதியில்தான் அடங்கியிருக்கிறது.

'நாய் மனிதனைக் கடித்தது.' 'மனிதனை நாய் கடித்தது.' 'கடித்தது நாய் மனிதனை.' எப்படிப் புரட்டிப் போட்டாலும் தமிழில் கடி வாங்கியவன் மனிதன்தான். காரணம் அந்த 'ஐ'. இரண்டாம் வேற்றுமை உருபு என்று எட்டாம் வகுப்பில் அலுத்துக்கொண்டே படித்த அதே 'ஐ'. ஆங்கிலத்தில் 'டாக் பிட் மேன்' என்பதைப் புரட்டிப் போட்டால் 'மேன் பிட் டாக்' ஆகி, பத்திரிகைக்காரர்கள் சொல்லும் பழைய ஜோக் ஆகிவிடும். அங்கே ஒட்டு கிடையாது. வினைச்சொல்லுக்கு முன்னால் நிற்பவன் கடித்தவன், பின்னால் நிற்பவன் கடிபட்டவன். அவ்வளவுதான். தமிழ்ச் சொற்கள் கழுத்தில் ஐடி கார்டு மாட்டிக்கொண்டு திரியும் காலேஜ் பசங்க மாதிரி. எங்கே நின்றாலும் ஆள் யார் என்று தெரிந்துவிடும். ஆங்கிலச் சொற்கள் ரிசர்வேஷன் கோச்சில் ஏறியவர்கள் மாதிரி. சீட் நம்பரை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க முடியும்.

ஆங்கிலம் எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் வேற்றுமை இருந்தது. நாய் எழுவாயாக வந்தால் 'ஸெ ஹுண்ட்', செயப்படுபொருளாக வந்தால் 'தோனெ ஹுண்ட்'. ஆகவே சொற்களைக் கொஞ்சம் இடம் மாற்றிப் போட முடிந்தது. பிறகு சொல்லின் கடைசி அசைகள் உச்சரிப்பில் தேய்ந்தன, வடக்கே இருந்து வந்து குடியேறிய வைக்கிங்குகளின் மொழியோடு கலப்பு நடந்தது, 1066-இல் நார்மன்கள் வந்த பிறகு சில நூற்றாண்டுகள் ஆங்கிலம் அரண்மனை மொழியாகவே இல்லை. ஒட்டுகள் உதிர உதிர, அவை செய்த வேலையை இடம் எடுத்துக்கொண்டது. மிச்சம் மீதியாக நிற்பவை 'ஹி-ஹிம்', 'ஷி-ஹர்', 'ஹூ-ஹூம்' போன்ற சில மட்டும்தான். பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது விட்டு வைத்த தூண்கள் மாதிரி.

இதை வகுப்பில் ஒரு பத்து நிமிடம் சொன்னால் என்ன? "ஆங்கிலத்தில் எஸ், வி, ஓ, தமிழில் எஸ், ஓ, வி" என்று பலகையில் எழுதிப் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஏன் அப்படி என்று தெரிந்தால்தானே அதன் மேல் மரியாதை வரும்?

எஸ், வி, ஓ என்றதும் நம்மூர் ஸ்டேட் போர்டில் படித்தவர்களுக்கு 'சென்டன்ஸ் பேட்டர்ன்' ஞாபகம் வந்திருக்கும். ஒரு வாக்கியம் கொடுப்பார்கள். கீழே எஸ், வி, ஐ.ஓ., டி.ஓ., சி, ஏ என்று பெயர் போட வேண்டும். போட்டால் மார்க். அதற்குக் கைடுகளில் குறுக்கு வழிகளும் உண்டு. வினையைப் பார்த்து 'வாட்' என்று கேள், 'ஹூம்' என்று கேள், எங்கே எப்போது எப்படி என்றால் கண்ணை மூடிக்கொண்டு 'ஏ' போடு. பசங்க மளமளவென்று போட்டு முழு மார்க் வாங்கிவிடுவார்கள். அதே பையனிடம் அதே அமைப்பில் சொந்தமாக ஒரு வாக்கியம் எழுதச் சொன்னால் பேனா நகராது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆங்கில வாக்கியங்களை ஐந்து அமைப்புக்குள் அடக்கலாம் என்று சி.டி. ஆனியன்ஸ் 1904-இல் புத்தகம் எழுதினார். பிறகு வந்த ஏ.எஸ். ஹார்ன்பி ஜப்பானில் ஆங்கில வாத்தியாராக இருந்தவர். ஜப்பானிய மொழியிலும் தமிழ் மாதிரியே வினைச்சொல் கடைசியில்தான் வரும். ஆக அவர் வகுப்பில் உட்கார்ந்திருந்தவர்கள் பட்ட கஷ்டமும் ஏறக்குறைய இங்கே படும் கஷ்டம்தான். அவர் 1954-இல் கொண்டுவந்த புத்தகத்தில் 25 வினை அமைப்புகள் உண்டு. ராண்டால்ஃப் குவர்க்கும் கூட்டாளிகளும் 1985-இல் எழுதிய ஆயிரத்தெழுநூறு பக்கத்துக்கு மேற்பட்ட தலையணையில் அது ஏழு வகை. ஐந்தா, ஏழா, இருபத்தைந்தா என்பது பெரிய விஷயமில்லை. ஹார்ன்பி சொன்ன விஷயம்தான் முக்கியம். வாக்கியம் எப்படி அமைய வேண்டும் என்று முடிவு செய்வது வினைச்சொல். ஒவ்வொரு வினைக்கும் பின்னால் எது வரலாம், எது வரக்கூடாது என்று தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

'கிவ் மீ தி புக்' சரி. அதே வேகத்தில் 'எக்ஸ்ப்ளெய்ன் மீ தி சம்' என்று சொன்னால் தவறு, 'எக்ஸ்ப்ளெய்ன் தி சம் டு மீ' என்றுதான் வர வேண்டும். 'சஜெஸ்ட் மீ எ புக்' என்பதும் அதே கேஸ்தான். 'டிஸ்கஸ்' பின்னால் 'அபௌட்' வராது. 'வான்ட் டு கோ' உண்டு, 'என்ஜாய் டு கோ' கிடையாது. தமிழில் 'எனக்குக் கொடு', 'எனக்கு விளக்கு', 'எனக்குச் சொல்' என்று எல்லாவற்றுக்கும் ஒரே 'கு' போதும். ஆகவே 'எக்ஸ்ப்ளெய்ன் மீ' என்று சொல்லும் மாணவன் முட்டாள்தனமாக எதுவும் செய்யவில்லை, தமிழின் தர்க்கத்தை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறான். ஹார்ன்பி போன்றவர்கள் வெளிநாட்டு மாணவர்கள் வாக்கியம் கட்டுவதற்காகச் செய்து கொடுத்த ஏணியை, இங்கே தேர்வு ஹாலில் கிடைமட்டமாகப் போட்டு எத்தனை படி என்று எண்ணச் சொல்கிறார்கள் :-)

அந்த எழுத்துகளைக்கூட தமிழை வைத்துச் சொல்லிக் கொடுத்தால் இவ்வளவு மூளை கசங்காது. 'தே எலெக்டட் ஹிம் பிரசிடென்ட்', 'தே கேவ் ஹிம் எ பிரைஸ்'. இரண்டும் பார்க்க ஒரே மாதிரி. முதலாவதில் கடைசிச் சொல் 'சி', இரண்டாவதில் 'டி.ஓ.'. ஏன்? தமிழில் சொல்லிப் பாருங்கள். 'அவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள்.' 'அவருக்குப் பரிசு கொடுத்தார்கள்.' ஒன்றில் 'ஐ'யும் 'ஆக'வும், இன்னொன்றில் 'கு'. ஆங்கிலம் மறைத்து வைத்திருப்பதைத் தமிழ் வெளிச்சம் போட்டுக் காட்டுகிறது. இதைவிட நல்ல உபகரணம் வேறென்ன வேண்டும்? ஆனால் ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் ஃபைன் போடும் பள்ளிகள் இருக்கும் ஊரில் இதை யாரிடம் போய்ச் சொல்வது...

"தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் மொழிபெயர்க்காதே, ஆங்கிலத்திலேயே யோசி" என்பது இன்னொரு பிரபலமான உபதேசம். கேட்க ஜோராக இருக்கும். பதினெட்டு வருடம் தமிழில் யோசித்தவன் சுவிட்சைத் தட்டுவது போல நாளைக் காலையிலிருந்து எப்படி மாற்றி யோசிப்பான்? குழந்தை இலக்கணம் படித்தா பேசுகிறது என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். குழந்தைக்கு நாள் முழுக்க அந்த மொழியில் பேச ஒரு வீடே இருக்கிறது. வாரத்துக்கு நாலைந்து ஆங்கில வகுப்பு, அதிலும் பாதி நோட்ஸ் எழுதுவதிலேயே போய்விடும் கல்லூரிப் பையனுக்கு அந்த வசதி இல்லை. அவனுக்குக் குறுக்கு வழி வேண்டும். அந்தக் குறுக்கு வழிக்குப் பெயர்தான் இலக்கணம்.

ஸ்பீக்கிங் கோர்ஸ்காரர்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 'கோ, வென்ட், கான்' என்று மந்திரம் ஓதி, பன்னிரண்டு கட்டம் போட்ட டென்ஸ் அட்டவணையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். காலம் தெரிந்துவிடும், கட்டுமானம் தெரியாது.

தமிழ் மாணவன் தடுக்கும் இடங்கள் ஒன்றும் ஆயிரக்கணக்கில் இல்லை, கைவிரலில் எண்ணிவிடலாம். 'அவர் ஆசிரியர்' என்று வினைச்சொல்லே இல்லாமல் தமிழில் முழு வாக்கியம் அமைந்துவிடும். ஆங்கிலத்தில் 'இஸ்' இல்லாமல் நடக்காது. இதை "இஸ் என்றால் இருக்கிறது" என்று சொல்லிக் கொடுத்துவிட்டதால், பாவம், எங்கெல்லாம் பயம் வருகிறதோ அங்கெல்லாம் ஒரு 'இஸ்' செருகி 'ஹி இஸ் கோ' என்று எழுதுகிறான். 'வந்தேன்' என்ற ஒரே சொல்லுக்குள் ஆள் உட்கார்ந்திருக்கிறார். ஆங்கிலத்தில் 'ஐ' என்று வெளியே எடுத்து வைக்காவிட்டால் வாக்கியம் நிற்காது. எழுவாய் என்று யாருமே இல்லாவிட்டால்கூட சீட்டைக் காலியாக விடக் கூடாது என்று 'இட்' என்ற ஒரு பொம்மையை உட்கார வைக்கிறார்கள். 'இட் இஸ் ரெய்னிங்' என்பதில் அந்த 'இட்' எது? ஒன்றுமில்லை, சீட்டில் போட்டு வைத்த கைக்குட்டை! 'எனக்குத் தெரியும்', 'எனக்குப் பசிக்கிறது' என்று நான்காம் வேற்றுமையில் நிற்பவரை அங்கே 'ஐ' ஆக்கி முன்சீட்டில் உட்கார வைக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பள்ளம், நீளமான வாக்கியத்தில் இருக்கிறது.

'தி டைரக்டர் ஹூ சைன்ட் தி அக்கவுன்ட்ஸ் விச் தி ஆடிட்டர் ஹாட் ரிஜெக்டட் ரிசைன்ட்.'

இதைத் தமிழில் சொன்னால், 'ஆடிட்டர் நிராகரித்த கணக்கில் கையெழுத்துப் போட்ட டைரக்டர் ராஜினாமா செய்தார்.' இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆங்கிலத்தில் டைரக்டர், கணக்கு, ஆடிட்டர் என்ற வரிசை. தமிழில் ஆடிட்டர், கணக்கு, டைரக்டர். கண்ணாடியில் பார்ப்பது போல அப்படியே தலைகீழ். தமிழ் ஒரு பெயரைப் பற்றிய விவரம் எல்லாவற்றையும் அதற்கு முன்னால் அடுக்கும், ஆங்கிலம் முக்கால்வாசியைப் பின்னால் தொங்கவிடும். 'ஆஸ்', 'பிகாஸ்', 'இஃப்' எல்லாம் இதே கதைதான். 'காய்ச்சல் என்பதால்' என்று தமிழ் கடைசியில் ஒட்டும் 'ஆல்', ஆங்கிலத்தில் 'ஆஸ்' என்று முன்னால் போய் நிற்கும்.

'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' தெரியாதவர் தமிழ்நாட்டில் யாராவது உண்டா? பள்ளிக்கூடம் போன ஒவ்வொருவரும் எழுதிய லீவ் லெட்டர். அதை வைத்து 'ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் மை சிஸ்டர்ஸ் மேரேஜ்' என்று ஒரு ஜோக் ரொம்ப நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. சிரித்துவிட்டு யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும். அந்த வாக்கியத்தை மொத்தமாக ஒரு கட்டியாக விழுங்கியவனுக்கு, 'ஆஸ்' என்பது தனி உறுப்பு, அதன் பின்னால் எந்த முழு வாக்கியத்தையும் மாட்டலாம் என்று யாரும் பிரித்துக் காட்டவில்லை. காய்ச்சலை எடுத்துவிட்டுக் கல்யாணத்தைப் போட்டால் 'சஃபரிங்'கும் கூடவே வெளியே போக வேண்டும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

பெரிய வாக்கியத்தில் உண்மையான வினைச்சொல்லைக் கண்டுபிடிக்க ஓர் எளிய சோதனை இருக்கிறது. மொத்த வாக்கியத்தையும் இன்றைக்கோ நாளைக்கோ நடப்பதாக மாற்றிப் பாருங்கள், எந்தச் சொல் மாறியே தீர வேண்டுமோ அதுதான் தலைமை வினை. அந்த 'அமௌன்ட் பெய்ட்' வாக்கியத்தில் 'வாஸ்' போய் 'இஸ்' வரும். 'பெய்ட்' அசையாது. ஆக 'பெய்ட்' டூப்ளிகேட். பிறகு 'ஹூ', 'விச்', 'தட்' தொடங்கும் இடத்தில் பென்சிலால் ஓர் அடைப்புக்குறி போட்டு, அது முடியும் இடத்தில் மூடிவிட வேண்டும். டைரக்டர் வாக்கியத்தில் அடைப்புக்குள் போனதை எல்லாம் கழித்தால் மிஞ்சுவது 'தி டைரக்டர் ரிசைன்ட்' என்ற மூன்றே சொல். சொல்லுக்கு மேல் தமிழ் அர்த்தம் எழுதத் தேய்ந்த பென்சிலை இதற்குத் தேய்த்திருக்கலாம்.

இதெல்லாம் பரீட்சைக்கு மட்டும்தான் என்று நினைத்தால், அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் நடந்த கதையைக் கேளுங்கள். அங்கே ஓக்ஹர்ஸ்ட் டெய்ரி என்று ஒரு பால் கம்பெனி. அதன் டிரைவர்கள் ஓவர்டைம் சம்பளம் கேட்டு வழக்குப் போட்டார்கள். அழுகக்கூடிய உணவுப் பொருட்கள் போன்றவற்றில் எந்தெந்த வேலைகளுக்கு ஓவர்டைம் கிடையாது என்று மாநிலச் சட்டத்தில் ஒரு பட்டியல் இருந்தது. டப்பாவில் அடைத்தல், பதப்படுத்துதல், சேமித்தல் என்று நீண்டு, 'பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்' என்று முடியும். 'ஷிப்மென்ட்'டுக்குப் பிறகு கமா இல்லை. விநியோகம் என்பது பட்டியலில் ஒரு தனி வேலையா, இல்லை அனுப்பவோ விநியோகிக்கவோ பொட்டலம் கட்டுவது என்ற ஒரே வேலையின் வாலா? டிரைவர்கள் விநியோகிப்பவர்கள், பொட்டலம் கட்டுபவர்கள் அல்ல.

டிரைவர்கள் தரப்பு கமாவை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கவில்லை. பட்டியலில் வேலைகள் எல்லாம் 'இங்' விகுதியில் முடிகின்றன, 'ஷிப்மென்ட்', 'டிஸ்ட்ரிபியூஷன்' இரண்டு மட்டும் வேறு ஜாதி, ஆகவே அவை இரண்டும் ஜோடி என்று வாதாடினார்கள். சுத்தமான வாக்கிய அமைப்பு வாதம்! 2017-இல் அப்பீல் கோர்ட் சட்டம் தெளிவாக இல்லை என்று சொல்லி டிரைவர்கள் பக்கம் தீர்ப்புக் கொடுத்தது. 2018-இல் கம்பெனி 50 லட்சம் டாலருக்கு சமரசம் செய்துகொண்டது. மெய்ன் சட்டசபையும் அந்தப் பட்டியலைத் திருத்தி அரைப்புள்ளிகளாகப் போட்டு, 'டிஸ்ட்ரிபியூஷன்' என்பதை 'டிஸ்ட்ரிபியூட்டிங்' என்று மாற்றிவிட்டது. லாரி ஓட்டுபவர்களின் சம்பளம் ஒரு சொல்லின் வாலில் தொங்கியிருக்கிறது. நாளைக்கு ஆடிட் ஆபீஸிலோ வங்கியிலோ ஒப்பந்தப் பத்திரத்தை வாசிக்கப் போகிற வணிகவியல் மாணவனுக்கு இது வெறும் சுவாரசியமான துணுக்கு மட்டுமில்லை.

ஆகவே வாக்கிய அமைப்பைப் பாடத்திட்டத்திலிருந்து தூக்க வேண்டும் என்று சிலர் சொல்வதை ஏற்க முடியாது. எழுத்துகளைப் பெயர் போடச் சொல்லும் கேள்வியைத்தான் தூக்க வேண்டும். அந்த மார்க்குக்கு நாற்பது சொல்லில் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, "யார், யாருக்கு, என்ன செய்ய வேண்டும்? தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதுக" என்று கேட்கலாம். 'எக்ஸ்ப்ளெய்ன்', 'ரிமைண்ட்', 'சஜெஸ்ட்' மூன்றையும் கொடுத்து ஆளுக்கு ஒரு வாக்கியம் கட்டச் சொல்லலாம். தமிழில் விடை எழுதினால் ஆங்கிலத் தேர்வின் புனிதம் கெட்டுவிடும் என்பவர்கள் நிச்சயம் வருவார்கள். புரிந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள வேறு வழி என்ன என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.